தெல்தெனியவும் இயற்கை வரலாற்றுக் கழகங்களும் – ஒரு நோக்கு

இயற்கை வரலாறு என்னுந் தொடர் தமிழில் வழங்கத் தொடங்கி நெடுங்காலம் ஆகவில்லை. மேலைநாட்டு மொழிகளில் அது பழந்தொடர். உரோமானியரான பிளினி கி.பி. முதலாம் நூற்றாண்டில் இயற்றிய பெருநூல் அப்பெயரையே தாங்கியுள்ளது. நாம் ‘வரலாறு’ என்று பெயர்த்துக்கொண்ட அச்சொல் கிரேக்க மூலத்தில் உசாவி அறிதல் என்ற பொருளையே தந்தது. காலவரிசைப்படி நிகழ்ச்சிகளைக் கூறுதல் என்ற பொருள் பின்னர் வந்து சேர்ந்ததாகும். எனவே செடிகொடி, விலங்கு, பறவை, மீன், மண், கல் ஆகியவற்றைக் கண்டும் கேட்டும் உசாவியும் எழுதிவைத்தலே இயற்கை வரலாறு எனலாம். ஆயினும் தெல்தெனியவைப் பொறுத்தவரை இத்தொடரின் இரு பொருளும் ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. அங்கு உசாவி அறியப்பட வேண்டிய இயற்கையே ஒன்றரை நூற்றாண்டுக் காலத்துள் இருமுறை உருமாறியது. முதன்முறை கோடரியால், மறுமுறை நீரால். இவ்விரு மாற்றங்களின்போதும் அவ்விடத்தை அறிந்திருந்தவர் யாவர், எழுதியவர் யாவர், எழுதப்பட்டது எங்கே போய்ச் சேர்ந்தது என்னும் வினாக்களை முன்வைத்து, உள்ளூர் இயற்கை வரலாற்றுக் கழகம் என்னும் அமைப்பின் நோக்கத்தையும் பணியையும் ஆராய்வதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் வீதியில் பல்லேகல, திகன ஆகியவற்றைக் கடந்து அப்பால் உள்ளது தெல்தெனிய. மெததும்பறைப் பிரதேசத்தின் நிருவாக மையம் அது. வடக்கே நிற்பது நக்கிள்ஸ் மலைத்தொடர். மடக்கிய கையின் விரற்கணுக்கள்போலத் தோன்றியமையால் ஆங்கிலேயர் இட்ட பெயர் அது; சிங்கள மக்கள் அதனைத் தும்பறை மலைத்தொடர் என்றே வழங்குவர். அதன் உயர்ந்த சிகரமாகிய கொம்பானிய 1,906 மீற்றர் உயரமுடையது. அம்மலைகளில் ஊற்றெடுத்து வரும் ஹுளு கங்கை தெல்தெனியவுக்கு அருகே மகாவலியுடன் கலந்தது. இன்று அக்கலப்பு நீர்த்தேக்கத்துள் நிகழ்கின்றது. கண்டியின் இறுதி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரியில் சிறைபிடிக்கப்பட்ட மெதமகாநுவர இதற்கு அணித்தேயுள்ளது. பாடநூல்கள் தும்பறையை நினைவுகூர்வது பெரும்பாலும் அந்நிகழ்ச்சிக்காகவே. இயற்கையை ஆராய்பவனுக்கோ அதன் சிறப்பு வேறு. மலையுச்சிகள் முகிலிலும் மழையிலும் தோய்ந்திருக்க, அவற்றின் அடியில் விரிந்த பள்ளத்தாக்கு மழைமறைவிற் கிடந்து வறட்சியை அறிந்ததாயுள்ளது. இதனால் முகிற்காடு, ‘பத்தன’ எனப்படும் மலைப்புல்வெளி, ஆற்றங்கரைக்காடு, வறள்வலயத்தை ஒத்த பற்றைக்காடு என்பன ஒருநாள் நடைத் தூரத்துள் ஒன்றன்பின் ஒன்றாக வரக்கூடிய இடமாக இது விளங்கியது. இலங்கையில் இத்தகைய இடங்கள் பல இல்லை.

இனி, இயற்கை வரலாற்றுக் கழகங்களின் தோற்றத்தை நோக்குவோம். ஓரூரின் இயற்கையை எழுதுதல் என்னும் மரபுக்கு முன்னோடியாகக் கொள்ளப்படுவது, இங்கிலாந்திலே செல்போர்ண் என்னும் சிற்றூரில் குருத்துவப் பணியாற்றிய கில்பேட் வைற் 1789இல் வெளியிட்ட நூலாகும். அவர் பெரும்பயணம் மேற்கொண்டவரல்லர். தம் ஊரிலேயே இருந்து, தகைவிலான்கள் வரும் நாளையும் போகும் நாளையும் ஆண்டுதோறும் குறித்து வைத்தவர். தனியொருவர் செய்த இப்பணியைக் கூட்டுப்பணியாக்கியது, ஸ்கொட்லாந்து எல்லையை அடுத்த பெர்விக் நகரின் மருத்துவரான ஜோர்ஜ் ஜோன்ஸ்ரன் முன்னின்று 1831இல் நிறுவிய பெர்விக்சயர் இயற்கையறிஞர் கழகம். கழகத்துக்குக் கட்டடம் இல்லை, நூதனசாலை இல்லை, நூலகம் இல்லை, சொத்து எதுவுமே இருத்தல் கூடாது என்பது அதன் கொள்கை. ஆண்டிற் சில நாட்கள், ஒவ்வொரு முறையும் வெவ்வேறிடத்தில், உறுப்பினர் காலையுணவுக்குக் கூடி, பகல் முழுவதும் வயல்வெளியிலும் கடற்கரையிலும் நடந்து, கண்டவற்றை மாலையில் ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டினர். அவற்றை அச்சிட்ட தொடரிதழுக்கு அவர்கள் இட்ட பெயர் கழகத்தின் ‘வரலாறு’ என்பதே. பணமும் கட்டடமும் இல்லாமையாற் கழகம் தொடங்க முடியவில்லை என்று நம்மவர் கூறுங்கால் இது நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்விடத்தில் ஒன்றைக் கூறவேண்டும். மருத்துவர், குருமார், நிலவுடைமையாளர் ஆகியோரின் ஓய்வுநேரப் பொழுதுபோக்காகவே இக்கழகங்கள் இருந்தன என்ற கருத்துண்டு. அது அரையுண்மையே. அதே காலப்பகுதியில் லங்காசயர்ப் பகுதியின் கைத்தறி நெசவாளரும் ஏனைய தொழிலாளரும் ஞாயிற்றுக்கிழமைகளில் மதுச்சாலைகளிற் கூடி, ஆளுக்கொரு செடியைக் கொணர்ந்து மேசைமேற் பரப்பி, அதன் இலத்தீன் பெயரைச் சொல்லிப் பழகினர். தறியிற் புத்தகத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு பெயர்களை மனனஞ் செய்தோரும் அவர்களுள் இருந்தனர். ஆகவே இயற்கையறிவுக்கு வர்க்கத் தடை இயல்பாக அமைந்ததன்று. எழுதும் வாய்ப்பும் அச்சேறும் வாய்ப்பும் யாரிடம் இருந்தன என்பதே வேறுபாட்டைத் தோற்றுவித்தது. தும்பறையை நோக்கும்போது இவ்வுண்மை மேலும் தெளிவாகும்.

தென்னாசியாவில் இவ்வகைக் கழகங்களுள் தலைசிறந்தது 1883 செப்ரெம்பரில் எண்மர் கூடித் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். அவ்வெண்மருள் இருவர், ஆத்மாராம் பாண்டுரங், சகாராம் அர்ஜுன் என்னும் இந்திய மருத்துவர். திராட்சைமது வணிகரான பிப்சனின் கடையிலேயே கழகம் சில காலம் குடியிருந்தது. 1886 முதல் வெளிவரும் அதன் ஆய்விதழ் இன்றும் தொடர்கின்றது. 1911இல் அக்கழகம் தொடங்கிய பாலூட்டிகள் கணக்கெடுப்பு இலங்கையையும் உள்ளடக்கியது. எனினும் அதன் பெருஞ்சாதனையாக யான் கருதுவது வேறொன்று. 1908இல், தான் சுட்ட குருவியின் தொண்டை ஏன் மஞ்சளாய் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு ஒரு சிறுவன் அதன் வாயிலுக்குச் சென்றான். செயலாளராயிருந்த மில்லார்ட் அவனை விரட்டவில்லை. அலுமாரிகளைத் திறந்து, பாடஞ் செய்யப்பட்ட பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். அச்சிறுவனே பின்னாளில் இந்தியப் பறவையியலின் பேராசானாகிய சலீம் அலி. கழகமொன்றின் பணியாது என்று கேட்பார்க்கு, அறியாத ஒருவன் கேள்வியோடு வரும்போது அங்கே ஒருவர் இருத்தல் என்று விடையிறுக்கலாம்.

இலங்கையில் இம்முயற்சி 1845இல் தோன்றிய ஆசியக் கழகத்தோடு தொடங்குகின்றது. மொழி, சமயம், சாசனம் ஆகியவற்றோடு இயற்கை வரலாறும் அதன் நோக்கங்களுள் ஒன்றாயிருந்தது. இலங்கையிற் பிறந்த படைமருத்துவரான எட்வேட் பிரடெரிக் கெலார்ட் 1852இல் வெளியிட்ட இலங்கை விலங்குகள் பற்றிய நூல் அக்கால உழைப்பின் பயன். தேசாதிபதி கிறெகரியின் காலத்தில் 1877இல் கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்டதும் மாதிரிகளைச் சேர்த்துவைக்க ஓரிடம் கிடைத்தது. ஆயினும் இயற்கைக்கெனவே அமைந்த முதற் சங்கம் 1894இல் தோன்றிய வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கமே. அதனை அமைத்தோர் பெரும்பாலும் தோட்டத்துரைமாரும் வேட்டைப்பிரியருமான ஆங்கிலேயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேஜர் றொஜேர்ஸ் என்னும் அதிகாரி ஒருவரே 1,400 யானைகளுக்கு மேற் கொன்றார் என்பர். அவ்வழி வந்தோரே, வேட்டையாடுதற்கு விலங்கு எஞ்சாது போய்விடும் என்ற அச்சத்தாற் காவலராயினர். நோக்கம் எதுவாயினும் விளைவு பெரிது. 1936இல் அச்சங்கம் ‘லோறிஸ்’ என்னும் இதழைத் தொடங்கியது. 1937ஆம் ஆண்டின் விலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், அதன்வழி 1938இல் யால, வில்பத்து ஆகியவை தேசிய வனங்களாயினமையும் அச்சங்கத்தின் இடைவிடா வற்புறுத்தலுக்குக் கடன்பட்டவை. வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் என்ற பெயரில் அது இன்றும் இயங்குகின்றது. 1943இல் இலங்கைப் பறவைக் கழகமும், 1972இல் தெகிவளை மிருகக்காட்சிச்சாலையைச் சார்ந்து இளம் விலங்கியலாளர் சங்கமும், 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து களப் பறவையியற் குழுவும் தோன்றின. கடைசி இரண்டும் சுதேச மாணவரை மையமாகக் கொண்டவை. துரைமாரின் கழகம் மாணவரின் கழகமாக மாறிய வரலாற்றை இவ்வாண்டுகளிலேயே காணலாம்.

இவையெல்லாம் நாடு முழுவதற்குமான அமைப்புகள். தும்பறைக்கு வருவோம்.

தும்பறையின் முதலாவது மாற்றம் கோப்பியால் நிகழ்ந்தது. யமேக்காவிற் கோப்பிச்செய்கை பயின்ற ஆர்.பி. டைற்லர் 1837இல் இலங்கைக்கு வந்து, தும்பறைப் பள்ளத்தாக்கின் பல்லேகலவில் அம்முறையைப் புகுத்தினார். அதனை அடுத்த நாற்பதாண்டுகளில் பள்ளத்தாக்கிலும் மலைச்சாரலிலும் காடு தோட்டமாயிற்று. காட்டை வெட்டியவரும் கோப்பி ஆய்ந்தவரும் தமிழகத்திலிருந்து மன்னார் வழியாக நடந்துவந்த தொழிலாளரே என்பது நாமறிந்தது. வெட்டப்பட்டது எதுவென்பதோ நாம் நன்கறியாதது. தும்பறைக்கு ஒருநாள் வண்டித் தூரத்தில், பேராதனையில், 1821 முதல் தாவரவியற் பூங்கா இருந்தது. அதன் பணிப்பாளராக 1849 முதல் 1880 வரை கடமையாற்றிய துவைற்ஸ் இலங்கைத் தாவரங்களை நிரல்படுத்திய பேரறிஞர். ஆனால் அவர் முறையில் ஒரு குறையுண்டு. அவர் தம் உலர்தாவரத் தாள்களுக்கு இட்ட ‘சி.பி.’ இலக்கம் சேகரித்த நிகழ்ச்சிக்குரியதன்று, இனத்துக்குரியது. ஒரே இனத்தைச் சேர்ந்த செடிகள் வெவ்வேறிடத்தில், வெவ்வேறாண்டிற் பறிக்கப்பட்டவையாயினும் ஒரே இலக்கத்தின்கீழ் வந்து சேர்ந்தன. இதனால் அவருடைய தாளொன்றைக் கையிலெடுத்து, இது எந்த மலையில் எந்த மாதத்திற் பூத்தது என்று கேட்டால் உறுதியான விடை பல வேளைகளிற் கிடைப்பதில்லை.

தமிழிலக்கியம் பயில்வோர்க்கு இக்குறையின் தன்மை உடனே விளங்கும். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், மரமும் புள்ளும் விலங்கும் கருப்பொருள் என்றும் தொல்காப்பியம் வகுத்தது. இயற்கை வரலாற்றுக் குறிப்பின் இலக்கணமும் இதுவே. முதற்பொருள் இல்லாத கருப்பொருள் வெறும் பெயர்ப்பட்டியலாகிவிடும். குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் அடுக்கிச் சொல்லும் 99 பூக்களைக் காட்டி, தமிழர் அன்றே தாவரவியலிற் சிறந்தவர் எனப் பெருமை பேசுவோர் உண்டு. அது புலவனின் கண்ணுக்கும் சொல்லுக்கும் சான்று, தாவரவியற் பதிவன்று. திணைக் கோட்பாடே அறிவியலுக்கு அணித்தாய் நிற்பது என்பது என் துணிபு. ‘இலங்கை’ என்ற ஒரு சொல்லை மாத்திரம் இடக்குறிப்பாகத் தாங்கி ஐரோப்பிய நூதனசாலைகளில் உறங்கும் மாதிரிகளை ஆராயும் அறிஞர் படும் பாட்டைக் கண்டால், நிலமும் பொழுதும் ஏன் முதல் எனப்பட்டன என்பது புலனாகும்.

கோப்பியின் முடிவும் தும்பறைக்கு ஒரு பாடமாயிற்று. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் முதன்முதற் காணப்பட்ட இலைநோயைத் துவைற்ஸ் இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கு பார்க்கிளி என்பார் அதனைப் புதிய பூஞ்சணம் என்று இனங்கண்டார். 1880இல் மார்ஷல் வாட் என்னும் இளைஞர் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, நோய் காற்றாற் பரவும் முறையை விளக்கியபோது காலங் கடந்துவிட்டது. இடையில், கியூ தாவரவியற் பூங்காவின் ஹூக்கர் தந்த ஆலோசனைப்படி, 5,000 அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காடுகளை விற்பதில்லை என 1873இல் முடிவாயிற்று. நக்கிள்ஸ் மலையின் உச்சிக்காடுகள் எஞ்சியமைக்கு இம்முடிவும் ஒரு காரணமாகும். சாரல்கள் தேயிலைக்குச் சென்றன. பள்ளத்தாக்கிற் கொக்கோவும் புகையிலையும் நெல்லும் விளைந்தன. பின்னாளில் உச்சிக்காடுகளின் நிழலிலேயே ஏலச்செய்கை நுழைந்தது.

அறிந்தவர் யாவர், எழுதியவர் யாவர் என்ற வினாவுக்கு இப்போது வரலாம். நக்கிள்ஸ் மலையிலன்றி உலகில் வேறெங்குமில்லாத ஓணான் ஒன்று உண்டு; மூக்கின் நுனியில் இலைபோன்ற தசையுறுப்பொன்றைத் தாங்கியது. அதனை 1861இல் விபரித்தவர் பிரித்தானிய நூதனசாலையின் குந்தர். குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமெர்சன் ரெனன்ற்றின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. மலையில் அதைக் கண்டு பிடித்துக் கொடுத்த கையின் பெயர் அப்பெயரில் இல்லை. இது விதிவிலக்கன்று, பொதுவிதி.

விதிவிலக்கு ஒன்றுண்டு, அது நமக்கு அணுக்கமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையில் அரசபணி புரிந்த எட்கார் லேயார்ட் ஒரு பறவைப்பித்தர். அவரிடம் முத்து என்னும் தமிழ்ப் பணியாளர் இருந்தார். பருத்தித்துறையிற் கிடைத்த, மண்ணிற மார்பும் வெளிறிய கால்களுமுடைய சிறு ஈப்பிடிப்பான் ஒன்றை 1854இல் புதிய இனமாக விபரித்த லேயார்ட், தம் சிறந்த பறவைகள் பலவற்றைத் தேடித் தந்தது முத்துவின் பொறுமையும் வேட்டைத் திறனுமே எனக் கூறி, அப்பறவைக்கு அவர் பெயரையே இட்டார். இன்றும் உலகின் பறவை நூல்கள் யாவற்றிலும் ‘முத்துயி’ என்றே அதன் இனப்பெயர் நிற்கின்றது. வடகிழக்கிந்தியாவிலும் அதற்கப்பாலும் கூடுகட்டி, குளிர்காலத்தில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும் வலசைப் பறவை அது. கண்டிப் பகுதியின் நிழலடர்ந்த ஓடைக்கரைகளிலும் அதனைக் காணலாம். தேசாதிபதிகளின் பெயரும் செயலாளர்களின் பெயரும் நிறைந்த அப்பட்டியலில் ஒரு தமிழ்ப் பணியாளரின் பெயர் நிலைபெற்றமை, அவர் எசமானரின் நேர்மையினால் விளைந்தது. நேர்மை தனிமனிதனின் குணம். அதனை நம்பி வரலாறு எழுத முடியாது. சேகரித்தவர், கண்டவர், பெயர் சொன்னவர் ஆகியோரைக் குறிப்பேட்டில் எழுதுதல் விதியாயிருந்தால், முத்துவைப் போன்றோர் எத்தனை பேர் என்பதை இன்று எண்ணியிருக்கலாம்.

லெக் என்பாரின் இலங்கைப் பறவைகள் பற்றிய பெருநூலும் (1878–1880), ஜி.எம். ஹென்றியின் கைந்நூலும் (1955) பறவைகளின் சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களையும் தந்துள்ளன. கந்தப்பளைத் தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்து வளர்ந்தவர் ஹென்றி. அப்பெயர்களை அவர்கள் கற்பனை செய்துகொள்ளவில்லை. யாரோ சொல்லக் கேட்டே எழுதினர். சொன்னவர் வாயில் இருந்த அறிவு ஆங்கில நூலின் ஓரக் குறிப்பாக எஞ்சியது. இவ்வறிவைத் தமிழிலேயே தொகுக்கும் பணியை நம் கலைச்சொல்லாக்க முயற்சிகள் பெரிதும் நாடவில்லை. இலத்தீன் பெயருக்கு நேராகப் புதுச்சொல் புனைவதிலேயே அவை முனைந்தன. தோட்டத்து மூதாட்டியொருத்தி ஒரு குருவிக்கு என்ன பெயர் சொல்வாள் என்று கேட்டறிதல், அகராதியைப் புரட்டுவதிலும் பயனுடைய ஆய்வாகும்.

தும்பறையின் இரண்டாவது மாற்றம் நாமறிந்த காலத்தது. துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டத்தின்கீழ் 1978இல் தொடங்கிய விக்டோரியா அணைக்கட்டு 122 மீற்றர் உயரமும் 520 மீற்றர் நீளமுமுடையது. 1984இல் நீர் தேக்கப்பட்டது. 1985 ஏப்பிரலில் அணை திறந்துவைக்கப்பட்டது. 72 கோடி கனமீற்றருக்கு மேற்பட்ட நீர் பள்ளத்தாக்கை நிரப்பியது. பழைய தெல்தெனிய நகரும், வயலும், கொக்கோத் தோட்டமும், ஆற்றங்கரை மரங்களும் அதனடியிற் போயின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. மேட்டு நிலத்திற் புதிய தெல்தெனிய எழுந்தது. இத்திட்டத்தினால் நாடு பெற்ற மின்சாரத்தையும் நீர்ப்பாசனத்தையும் குறைத்து மதிப்பிடுதல் இக்கட்டுரையின் கருத்தன்று. மகாவலித் திட்டத்துக்கென 1980இல் ஒரு சுற்றாடல் மதிப்பீடும் செய்யப்பட்டது. அதன் கவனம் பெரும்பாலும் கீழ்நிலப் பகுதியின் யானைகள்மேலும் காடுகள்மேலும் சென்றது. மாதுறு ஓயா, வஸ்கமுவ ஆகிய தேசிய வனங்கள் அதனையொட்டியே தோன்றின. பெரிய விலங்குக்குப் பெரிய வனம் கிடைத்தது. சிறிய உயிர்க்குப் பேசுவார் அருகியே இருந்தனர்.

ஆற்றுமீன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஜோர்டன், ஸ்ராக்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1917இல் விபரித்த பச்சை நிறமான கெண்டையின மீன், மகாவலியின் மேற்பகுதியிலன்றி வேறெங்குமில்லாதது. பாறைகளிடையே விரைந்தோடும் நீரே அதன் இருப்பிடம். ஓடும் ஆறு தேங்கிய நீராகும்போது அத்தகைய மீனுக்கு என்ன நேரும் என்பதை ஊகிக்கப் புலமை வேண்டியதில்லை. ஆனால் ஊகம் வேறு, பதிவு வேறு. 1984க்கு முன் பத்தாண்டு காலம், எந்த மடுவில் எந்த மாதத்தில் அம்மீன் எத்தனை கண்ணுக்குப் பட்டது என்று கரையோர ஊரவர் குறித்து வைத்திருப்பின், அது இன்று எந்தப் பன்னாட்டு அறிக்கையிலும் மேலான சான்றாயிருக்கும். வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் ஒரு பருவத்தைக் காண்பார். இருபது பருவங்களைக் காண்பவர் ஊரவரே. உள்ளூர்க் கழகத்தின் தலையாய நோக்கம் இதுவெனவே கொள்ளவேண்டும். விலங்கைக் காப்பதும், மரம் நடுவதும், குப்பை அகற்றுவதும் நற்பணிகளே. பாடசாலைகளிற் சுற்றாடற் கழகங்கள் இவற்றைச் செய்துவருகின்றன. ஆனால் ஒரே இடத்தை நீண்டகாலம் தொடர்ந்து கண்டு எழுதுதல் என்பது வேறொருவராலும் செய்யவியலாத பணி.

நீர் தேங்கிய பின் நிகழ்ந்தவை நம்பிக்கை தருவன. 1987இல் விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த பகுதி சரணாலயமாக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் நக்கிள்ஸ் பேணற்காடாகப் பிரகடனம் பெற்றது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய இரு பகுதிகளுடன் அது உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. 2006இல் அம்மலையின் குள்ள ஓணான் ஒன்று புதிய இனமென விபரிக்கப்பட்டபோது, விபரித்த குழுவிற் பேராதனைப் பல்கலைக்கழக விலங்கியலாளரும் இருந்தனர். இனப்பெயராக இடப்பட்டது ‘தும்பறை’. செயலாளரின் பெயரிலிருந்து ஊரின் பெயருக்கு வந்துசேர 145 ஆண்டுகள் சென்றன.

எனினும் சட்டத்தாற் காக்கப்படும் காடு வேறு, மக்கள் குடியிருக்கும் கரை வேறு. தெல்தெனிய, திகன, ரங்கல ஆகிய இடங்களிற் சிங்களவரும் முஸ்லிம்களும் தோட்டத் தமிழரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். 2018 மார்ச்சில் இப்பகுதியில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டமையை மறந்து, ஊர்க்கழகம் பற்றிப் பேசுதல் நேர்மையாகாது. பறவை பார்த்தல் பகையைத் தீர்க்கும் என்று கூற நான் வரவில்லை, அது மிகையாகும். ஆனால் ஒரு மீனுக்கு மும்மொழியோர் இட்ட பெயர்களை ஒரே பக்கத்தில் எழுதவேண்டுமாயின் மூவரும் ஒரே கரையில் நின்றாக வேண்டும். தோட்டத்தவர் மலைமுகட்டை அறிவர். வயலவர் ஆற்றை அறிவர். கடைத்தெருவினர் சந்தைக்கு எந்த மீன் எந்த மாதத்தில் வந்தது என்பதை அறிவர். ஒரு சாராரை விலக்கிய கழகம் பள்ளத்தாக்கின் ஒரு பகுதியை விலக்கியதாகவே முடியும்.

செய்யத்தக்கன யாவை? ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறுகின்றது. நீர்த்தேக்கத்தின் ஒரு கரையை அதற்கெனத் தெரிந்துகொண்டு விடாது எண்ணலாம். மழைமானியொன்றை வைத்துக் குறிக்கலாம். முத்துவின் பறவை இவ்வாண்டு எந்த நாளில் முதன்முதற் கண்ணுக்குப் பட்டது என்று எழுதலாம். மலைச்சாரலில் ஆண்டுகள் பல கழிந்து ஒருங்கே பூக்கும் குறிஞ்சியினச் செடிகளின் பூப்புக் காலத்தைக் குறித்தல் இளைஞர் தொடங்கி முதியவராகி முடிக்கவேண்டிய பணி. தனிமனிதனால் ஆகாதது, கழகத்தால் ஆவது. கையடக்கத் தொலைபேசியிற் படம்பிடித்து உலகப் பொதுத் தொகுப்புகளுக்கு அனுப்பும் வசதி இன்றுண்டு. அது துணையாகலாம். ஆயினும் மாலையிற் கூடி வாசித்துத் திருத்திக்கொள்ளும் பெர்விக் முறைக்கு அது ஈடாகாது.

கடுங்கோடையில் நீர்மட்டம் தாழும்போது பழைய தெல்தெனியவின் கட்டட எச்சங்கள் வெளித்தோன்றுவதுண்டு. பார்க்க வருவோர் பலர், படம்பிடிப்போர் பலர். அப்போது நீரடியிலிருந்து வெளிப்படும் சேற்றுநிலத்திற் சில வாரங்களுக்குள் புல்லும் பூண்டும் முளைக்கின்றன. மீண்டும் நீர் ஏறுமுன் அவற்றிற் சில பூத்தும் விடும். அவற்றைப் பறித்துச் செய்தித்தாளிடையே அழுத்தி உலர்த்துவதற்குச் செலவு ஏதுமில்லை. துவைற்ஸின் தாள்கள் இன்றும் பேணப்படும் தேசிய உலர்தாவரச்சாலை பேராதனைப் பூங்காவிலேயே உள்ளது. அங்கு கொண்டுசெல்லும் தாளின் அடியில் இடத்தின் பெயர், நாள், நீர்மட்டம், செடிக்கு ஊரவர் வழங்கும் பெயர்கள், பறித்தவரின் பெயர் ஆகியவற்றை எழுதிச் சேர்த்தல் வேண்டும்.